அட்டைப்பெட்டி டைரக்டர்

படப்பிடிப்பில் அவளுக்கு விசிலக்கா என்று பெயர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். நூறு பேர் நூறு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை ஒரே ஒரு முறை ஊதுவாள். டீ குடித்துக்கொண்டிருப்பவர்கூட பாதி வாயில் நிறுத்திவிடுவார். பதினெட்டு வருடம் உதவி இயக்குநராகவும் இணை இயக்குநராகவும் இருந்துவிட்டு, கடைசியில் சொந்தமாக ஒரு படம் எடுத்தாள். அது நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் தியேட்டர் வாசலில் வேறு போஸ்டர் ஒட்டிவிட்டார்கள்.

அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அவள் இன்றைக்கும் தலை குனிவதில்லை. எதற்குக் குனிய வேண்டும்? கதாநாயகன் தினமும் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தான். மழை பத்து நாளைத் தின்றது. பாதிப் படத்தில் கேமராமேன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். "எதனாலங்க படம் போச்சு?" என்று நிருபர்கள் மைக்கை நீட்டியபோது, இவற்றில் எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்கள். அவள் சொன்னது இதுதான்: "நான் கதை சொன்ன விதம் சரியில்லைங்க. வேற யாரையும் சொல்லாதீங்க." பக்கத்தில் நின்ற தயாரிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்து வரவிருந்த படமும் அந்த ஒரு பதிலோடு கை நழுவிப் போனது. பிழைக்கத் தெரியாதவள் என்றார்கள். சொன்னவர்கள் எல்லாம் பிழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், வேறொன்றும் கிழித்துவிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய அண்ணனுக்கு வாதம் வந்தது. அட்டைப்பெட்டித் தொழிற்சாலை வைத்திருந்தவர் அவர். நாற்பது பேர் வேலை செய்யும் இடம். தகரக் கூரை, தரையெல்லாம் அட்டைத் துண்டு, உடம்பில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும் பசை வாசனை. அவருடைய வலது கையும் காலும் சொன்னபடி கேட்காமல் போயின. நாக்கு மட்டும் தப்பித்தது.

"ஏம்மா, நூறு பேரை வச்சு மேய்ச்சவ நீ. நாற்பது பேரைப் பாத்துக்க மாட்டியா?" என்று தங்கையைக் கூப்பிட்டுத் தன்னுடைய டைரக்டர் நாற்காலியில் உட்காரவைத்தார்.

அண்ணியின் தம்பிக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவனும் ஒரு டைரக்டர், விற்பனையைப் பார்த்துக்கொள்பவன். அந்த நாற்காலி தனக்குத்தான் என்று மூன்று வருடமாகக் கனவு கண்டுகொண்டிருந்தான். "சினிமாக்காரங்களுக்குப் பெட்டியைப் பத்தி என்ன தெரியும்?" என்று அவள் காதுபடவே கேட்டான்.

"ஒண்ணும் தெரியாது. கேமராவையும் நான் தொட்டதே இல்லை. என்ன வேணும்னு சொல்லத் தெரியணும், தெரிஞ்சவங்க சொல்றதைக் கேக்கத் தெரியணும். அவ்வளவுதான் என் வேலை" என்றாள்.

முதல் வாரமே சுவரில் ஒரு தாள் ஒட்டினாள். யார், எந்த இயந்திரத்தில், எந்தப் பெட்டி, எத்தனை மணிக்கு, சாப்பாடு எப்போது என்று படப்பிடிப்புக்கு எழுதுவதுபோல எழுதியிருந்தது. காலை எட்டு மணிக்கு எல்லோரையும் நிற்கவைத்துப் படித்துக் காட்டுவாள். ஆரம்பத்தில் கமுக்கமாகச் சிரித்தார்கள். ஒரு மாதம் போனதும், அட்டை வரவில்லை, மை வரவில்லை என்று யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. சிரிப்பும் நின்றது.

பெட்டித் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுப்பெட்டி என்றால் முதலில் ஒரே ஒரு மாதிரி செய்வார்கள். டைரக்டர் அதைப் பார்த்து, அட்டையின்மேலேயே கையெழுத்துப் போடுவார். அது வெட்டு இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கும். பிறகு ஆயிரக்கணக்கில் அதைப்போலவே ஓடும். நடுவில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஒரு மருந்துக் கம்பெனியின் புது இருமல் மருந்துக்கான மாதிரி அவள் மேஜைக்கு வந்தது. கொண்டுவந்தவர் இருபத்திரண்டு வருடமாக வெட்டு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் கட்டிங் மாஸ்டர். அவள் இரண்டு அடி பின்னால் போனாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விரல்களால் சதுரம் கட்டி அதன் வழியாகப் பார்த்தாள். நிறம் கச்சிதம். எழுத்து கச்சிதம்.

"மேடம், பாட்டிலை வச்சு ஒரு தடவை தூக்கிப் பாத்துடலாமா?" என்றார் கட்டிங் மாஸ்டர்.

"எதுக்குங்க? அழகா வந்திருக்கு. போயிடலாம்" என்று கையெழுத்தைப் போட்டுவிட்டாள்.

பதினெட்டு வருடமாகப் பழகிய கண் அது. செட்டில் அரண்மனைக்கு முன்பக்கம் மட்டும்தான். பின்னால் போனால் பலகையும் ஆணியும். கேமரா பார்க்காத பக்கத்தைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை இல்லை. பெட்டியையும் அவள் அப்படியேதான் பார்த்தாள். திருப்பிப் பார்க்கவில்லை. அடியில் இருந்த மடிப்பு ஒரு விரற்கடை குட்டையாக இருந்தது.

எட்டாயிரம் பெட்டி போனது. மருந்துக் கம்பெனியில் மேலே வைத்த பாட்டில் எல்லாம் கீழே வந்து விழுந்தது. தரையெல்லாம் இருமல் மருந்து. அவளுக்குப் போனில் செய்தி வந்தது.

தொழிற்சாலையிலேயே இருந்த அண்ணனின் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். அண்ணியின் தம்பி யோசனையைத் தயாராக வைத்திருந்தான். "கட்டிங் மாஸ்டர் தப்புன்னு லெட்டர் கொடுத்துடலாம். ஆளை வீட்டுக்கு அனுப்பிட்டோம்னு சொன்னா அவங்க சமாதானம் ஆயிடுவாங்க. இல்லைன்னா ஆர்டர் போகும், இங்க பாதிப் பேர் வீட்டுக்குப் போகணும். ஒரு ஆளா, இருபது ஆளா?" பிறகு குரலைத் தணித்து, "உங்க பேரும் வெளியில வராது" என்றான்.

அவள் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. சும்மா இருந்தால் போதும். அண்ணனைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு வெளியே கட்டிங் மாஸ்டர் நின்றார். தூக்கிப் பார்க்கலாம் என்று தான் கேட்டதை அவர் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

கையெழுத்துப் போட்ட மாதிரிப் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மருந்துக் கம்பெனிக்குத் தனியாகப் போனாள். கொள்முதல் அதிகாரி ஒரு பெண்மணி, முகத்தில் சிரிப்பே இல்லை.

"இது என் கையெழுத்துங்க. எங்க மாஸ்டர் தூக்கிப் பாக்கலாம்னார். நான்தான் வேண்டாம்னு சொன்னேன்" என்று பெட்டியை மேஜையில் வைத்தாள்.

அந்த அம்மாள் பெட்டியைப் புரட்டினார். "இங்க வர்றவங்க வழக்கமா யாரையாவது வேலையைவிட்டு அனுப்பிட்டுத்தான் வருவாங்க."

"அவரை அனுப்பிட்டா உங்க பெட்டியைச் சரியா வெட்ட எனக்கு ஆள் இல்லைங்க."

"நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள எட்டாயிரம் புதுப் பெட்டி வரணும். வந்தா பாக்கலாம்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாற்பது பேர் முன்னால், "தப்பு என்னுது. இன்னைக்கு மாஸ்டர் சொல்றதுதான் சட்டம், எனக்கும் சேர்த்து" என்றாள். மாஸ்டர் பெட்டியை வெட்டும் அச்சுப் பலகையில் பதிந்திருந்த கத்திகளைப் பிடுங்கி ஒரு விரற்கடை தள்ளி அடித்தார். முதல் பெட்டியில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பித் தூக்கிக் குலுக்கினார். பிறகுதான் அவளிடம் பேனாவைக் கொடுத்தார். அவளுக்கு மடிக்கும் மேஜையில் இடம் ஒதுக்கினார். "மேடம், மெதுவா இருக்கீங்க" என்று இரண்டு முறை அதட்டவும் செய்தார். மூன்றே முக்காலுக்கு லாரி மருந்துக் கம்பெனி வாசலில் நின்றது. நாலரைக்கு அந்த அம்மாள் போனில் சொன்னது ஒரே வரி: "அடுத்த மாசத்துக்கும் நீங்களே போடுங்க." தொழிற்சாலையே கைதட்டியது. அண்ணியின் தம்பியும் தட்டினான், வேறு வழி?

எல்லோரும் கிளம்பிய பிறகு அண்ணன் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உனக்குத் தெரியாது. பத்து வருஷம் முன்னாடி இங்க ஒரு பிரிண்டிங் மாஸ்டர் இருந்தார். கலர் தப்பாயிடுச்சுன்னு அனுப்பிட்டேன்." இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "அந்தக் கலரைச் சொன்னது நான்."

"இப்ப எங்க இருக்கார்?"

"தெரியும். பஸ் ஸ்டாண்டு பின்னாடி. அந்தத் தெரு வழியா நான் போறதே இல்லை." ஊன்றுகோலைத் தேடி எடுத்தார். "வண்டியை எடு."

மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. பிடிக்கப் போன அவள் கையைத் தட்டிவிட்டு, ஒவ்வொரு படியாக, செத்த காலை இழுத்துக்கொண்டு ஏறினார். மூச்சு வாங்கியது. பின்னால் ஏறிய அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. திரையில் தன் பெயரை முதன்முதலாகப் பார்த்த நாளில்கூட அவள் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

கதவைத் திறந்தவர் நரைத்துப்போயிருந்தார். அண்ணன் உட்காரவில்லை, நலம் விசாரிக்கவும் இல்லை.

"அந்தக் கலர் நான் சொன்னதுதான், மாஸ்டர். நீங்க சரியாத்தான் அடிச்சீங்க."

அவர் அண்ணனின் காலைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி மனைவியை உரக்கக் கூப்பிட்டார். "இங்க வா, இவர் சொல்றதை நீயும் கேளு."

அண்ணன் இன்னொரு முறை சொன்னார்.