கம்பிக்கு வெளியே அடித்த மணி

ஐம்பத்தைந்து வயதில் எனக்கு மூச்சே பகையாகிப் போனது. படுத்தால் அடைக்கும். கால் வீங்கும். நெஞ்சு தாளம் தப்பி அடிக்கும். சின்ன வயதில் முட்டி வீங்கிக் காய்ச்சலில் கிடந்தேனே, அப்போதே இருதய வால்வு கெட்டுவிட்டதாம். அது பின்னால் சிரம்பான் டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசர காலம் அது. லிங்கிப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். முனியாண்டி கோயில் கம்பிக்கு வெளியே மாட்டிக்கொண்டது. பூசை நின்றது. மதியம் கேட்டைப் பூட்டிய பிறகு வெளியே நடமாடினால் சுடுவார்கள்.

ஒருநாள் ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்ததும் வாளியைத் தூக்க முடியவில்லை. வேலைக்கு ஆகமாட்டாள் என்று என் பேரை வெட்டிவிடுவார்களே என்று பயந்து, என் நாத்தனார் பேச்சி என் பாலையும் சேர்த்துப் பால் கொட்டகையில் கொண்டுபோய்க் கொட்டினாள். பால் வந்ததால் ஆளும் வந்ததாகக் கணக்கெழுதும் கிராணி பேர் போட்டுவிட்டார். நான் குறுக்கு வழியில் லயத்துக்குப் போயிருப்பேன் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். கேட் பூட்டியாயிற்று.

நான் வழியிலேயே மூச்சு முட்டிக் கோயில் கல்லில் சாய்ந்து கிடந்தேன். வாயில் இரத்தம் கலந்த நுரை. கத்தக் குரல் இல்லை. மனசுக்குள்தான் அழுதேன்.

"அய்யா முனியாண்டி, ஒன்ன வெளிய விட்டுட்டு நாங்க உள்ள போய்ட்டோம். என்னை அப்படி விட்றாதய்யா."

தலைக்கு மேலே கோயில் மணி அடித்தது. காற்று இல்லை. ஆள் இல்லை. என் கை எழவே இல்லை. சத்தியமாக நான் அடிக்கவில்லை.

காட்டுக்காரர்களின் சைகை என்று காவலர்கள் துப்பாக்கியைத் தூக்கினார்களாம். என்னை வீட்டில் காணாமல் தேடிக்கொண்டிருந்த பேச்சி ஓடிவந்து கேட்டிலே விழுந்து காவலர்களிடம் கெஞ்சினாள்.

"சுட்றாதீங்க துவான். எங்க அண்ணி வெளிய இருக்குலா."

கேட்டைத் திறந்து வந்து என்னைத் தூக்கி, லாரியில் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். பிழைத்தேன். வால்வு அப்படியேதான் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறேன், உப்பு ஆகாது என்று கருவாட்டை விட்டுவிட்டேன்.

திரும்பி வந்ததும் மணிக்குப் பூ வைக்கக் கிளம்பினேன். எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் என்னை நிறுத்தி ஒரு துணி முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே மணியின் நாக்கு இருந்தது. சத்தம் கூடாது என்ற உத்தரவால், கம்பி போட்ட அன்றே அவர் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறார்.

நாக்கே இல்லாத மணிதான் அன்று அடித்திருக்கிறது. இன்றும் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்குகிறேன். நெஞ்சு தாளம் தப்பும்போதெல்லாம் அந்த மணி கேட்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. பயந்துகொண்டே கும்பிடுகிறேன்.

கூப்பிட வாய் வரவில்லையே என்று நீங்கள் யாரும் கலங்க வேண்டாம். மனசுக்குள் அழுதாலும் அவனுக்குக் கேட்கும். நாம் அவனை வெளியே விட்டு வந்தோம். அவன் நம்மை விடவில்லை.