விடுபட்ட சிறு கோடு

பேசாலையில் நண்டு பதப்படுத்தும் தொழிற்சாலை ஒன்றில் கப்பல் பத்திரங்களைப் பார்ப்பவள் நான். உறைய வைத்த நண்டுச் சதையுடன் எங்கள் முதல் கொள்கலன் கொழும்புத் துறைமுகத்துக்குப் போயிருந்தது. கப்பல் முகவர் கந்தோரிலிருந்து சரக்குப் பத்திரத்தின் வரைவு வந்தது. நான் சரியென்று சொன்னால் போதும்.

வரிவரியாக வாசித்தேன். அனுப்புநர், பெறுநர், முத்திரை இலக்கம் எல்லாம் சரி. வெப்பநிலை மட்டும் வெறும் பதினெட்டு என்றிருந்தது. முன்னால் இருக்க வேண்டிய சய அடையாளம், மைனஸ் என்கிற அந்தச் சிறு கோடு, இல்லை.

முகவரை அழைத்தேன்.

"தட்டச்சுப் பிழை, மிஸ். திருத்தி அனுப்புறன்."

"இதைப் பாத்து ஆரும் கொள்கலன் பெட்டியிலயும் மைனஸ் இல்லாம பதினெட்டெண்டே வைச்சிருந்தா?"

"சாப்பாட்டு நேரம். இப்ப ஆர் போய்ப் பாக்கிறது?"

"அப்ப துறைமுக நம்பரைத் தாங்கோ. நான் கதைக்கிறன்."

அங்கே எடுத்தவர் சிங்களவர். விஷயத்தைச் சொல்லி, பெட்டியைப் போய்ப் பார்க்கச் சொல்லிக் கேட்டேன். "சாப்பிட்டுட்டு இருந்தது. பரவாயில்ல, நான் போய் பாக்கிறது," என்று தெரிந்த தமிழில் சொன்னார். தொலைபேசியை வைக்காமலே நடந்தார். அவருடைய மூச்சிரைப்பு கேட்டது.

"நோனா, இங்கயும் மைனஸ் இல்ல! இப்பதான் கரண்ட் குடுத்திருக்கு, உள்ள இன்னும் ஐஸ்தான். உடனே மாத்துறது."

சரக்குப் பழுதில்லாமல் போய்ச் சேர்ந்தது. பத்திரம் வாசிக்கத் தெரிந்ததில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தியின் சொல்லை நம்பி, பாதிச் சோற்றில் எழுந்து வெயிலில் நடந்த அந்த மனிதர் இல்லையென்றால், நான் கண்டுபிடித்த பிழை காகிதத்தில் மட்டும்தான் திருந்தியிருக்கும்.