அம்மா மறைத்த வயிறு

அம்மாவின் புடவையில் கொசுவம் குறைந்துகொண்டே வந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். ஏழு மடிப்பு ஐந்தாயிற்று. கை கால் மெலிய, வயிறு மட்டும் ஏறியது. நாலு வாய் சோறு இறங்கியதும் போதும் என்று தட்டைத் தள்ளிவிடுவாள். வங்காளத்துக்குப் பிழைக்க வந்து, பெஹாலாவில் நாங்கள் இருந்த மாடியில் மூன்று குடித்தனத்துக்கு ஒரே கழிப்பறை. அம்மா நாளைக்குப் பத்துத் தடவை அங்கே போய் நின்றாள்.

கீழ்வீட்டு வங்காளி அம்மாளை நாங்கள் அவர்கள் வழக்கப்படி காக்கிமா, அதாவது சித்தி என்போம். ஒருநாள் படிக்கட்டில் என்னை மறித்து, காலேஜ் போகிற வயதில் உனக்குத் தம்பிப் பாப்பாவா என்று கண்ணடித்தாள். நான் மழுப்பினேன். பின்னால் வந்த அம்மா சிரிக்கவில்லை. தூரம் நின்று ஒரு வருஷமாகியும் அவளுக்கும் அதே சந்தேகம். கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு இதென்ன கூத்து என்ற வெட்கத்தில், சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் வேலை பார்த்த அப்பாவிடம்கூடச் சொல்லாமல், முந்தானையை இழுத்து மூடியே நாலு மாதம் ஓட்டியிருக்கிறாள்.

நான் அடம்பிடித்து பாலிகஞ்சில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். அம்மாவின் வங்காளம் காய்கறிக் கடையோடு சரி. "உப்புசம்னு மட்டும் சொல்லுடி" என்று பஸ்ஸிலேயே எச்சரித்தாள். நான் கேட்கவில்லை. சோறு, கழிப்பறை, கொசுவம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

டாக்டர் வயிற்றை அமுக்கி, பக்கவாட்டில் தட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் மட்டும் வங்காளத்தில் பேசினார். கர்ப்பமில்லை. ஓவரியில் கட்டி, வயிற்றில் நீர். புற்றாக இருக்கலாம், ஆபரேஷன் செய்தால்தான் நிச்சயம். ஆரம்பத்தில் இது பெரிதாக வலிக்காது, இப்படிச் சில்லறைத் தொந்தரவாகத்தான் வரும், இரண்டு மூன்று வாரம் விடாமல் இருந்தபோதே வந்திருக்கலாமே என்றார்.

பூவின் ஓவரியை வரைந்து பாட்டனி வகுப்பில் சபாஷ் வாங்கியவள் நான். அம்மாவுக்கும் அது உண்டென்று எனக்குத் தோன்றியதேயில்லை.

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். "குழந்தை இல்லையாமா?"

"இல்லம்மா."

பிள்ளையாரப்பா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு டாக்டரைக் கும்பிட்டாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது. காக்கிமாவுக்கு இன்றைக்கு இருக்கிறது என்று பஸ் நிறுத்தம்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்புதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"ரொம்ப நேரம் பேசினாங்களே, வேற என்ன சொன்னாங்க?"

"இந்த வாரமே ஆஸ்பத்திரியில சேரணும்மா."

"உப்புசத்துக்கா?"

பஸ் வந்து நின்றது. அம்மா ஏறாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.