மாப் பேணிக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்ட்

பெண் பிள்ளைக்கு எதற்குக் கேம் விளையாடும் கம்பியூட்டர் என்று கேட்டவர்கள் எல்லாருக்கும் நான் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: விளையாட. வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், மேல்மாடியில் இரண்டு அறைகளில் அம்மாவும் நானும் இருந்தோம். யுத்தம் திரும்பவும் மூண்டிருந்த காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. பாமன்கடையில் ஓர் அலுவலகத்தில் வேலை. அங்கே நடந்து போவதற்குள் இரண்டு இடத்தில் பையைத் திறந்து காட்ட வேண்டும், அடையாள அட்டையை நீட்ட வேண்டும், யாழ்ப்பாணத்தில் ஏன் பிறந்தாய் என்று கேட்காத குறையாகக் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். பின்னேரம் வீட்டுக்கு வந்து காரோட்ட விளையாட்டைத் திறந்தால், எத்தனை மைல் ஓடினாலும் ஒரு சோதனைச் சாவடி வராது. அதற்காகத்தான் அந்தக் கம்பியூட்டர்.

ஆனால் பழைய கிராபிக்ஸ் கார்டில் அந்த ஓட்டமும் விக்கி விக்கித்தான் போனது. மரங்கள் கட்டம் கட்டமாக வந்தன, வளைவு வந்தால் படம் நின்று யோசித்தது. புதிது ஒன்று வாங்குவதென்று பம்பலப்பிட்டிக்குப் போனேன். கடைக்காரர் முஸ்லிம், எல்லாருக்கும் நானா. என்னைப் பார்த்ததும் அவர் முதல் கேட்டது, "தம்பிக்கா தங்கச்சி?" என்று.

"எனக்கு."

"ஓபிஸ் வேலைக்கா?"

"விளையாட."

அவர் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். வாளோடு ஒருத்தி பாய்கிற படம், அதன் பக்கத்தில் மெமரி எவ்வளவு என்று உள்ளங்கை அகலத்துக்கு எழுத்து. "இதுல மெமரி கூட ஈக்கி. எல்லாரும் இதத்தான் எடுக்கிற."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் இதைப் பற்றித்தான் வாசித்துக்கொண்டிருந்தவள் நான். "நானா, இது அறுபத்துநாலு பிட். தாங்கி பெரிசா இருந்து பைப் சின்னன் எண்டா தண்ணி எப்பிடி வரும்? நூற்றியிருபத்தெட்டு பிட்டில மெமரி குறைஞ்சதைக் காட்டுங்கோ."

நானா பெட்டியை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு அவர் கேட்டதெல்லாம் சரியான கேள்விகள். பவர் சப்ளை எத்தனை வோட்ஸ், தனியாக ஒரு வயர் கொடுக்கலாமா, பெட்டிக்குள் நீளம் கொள்ளுமா. உள்ளே உள்ள இடத்தை நூலால் அளந்து, முடிச்சுப் போட்டுக் கொண்டு போயிருந்தேன். அதைக் கார்டில் வைத்துப் பார்த்தோம். ஒரு விரல் மிச்சம். வெள்ளவத்தை என்றதும் அவர் முகத்தைச் சுளித்தார். "கடக்கரையா? காத்தாடி உள்ளதையே எடுங்க. ஆனா கெழமைக்கு ஒருக்காத் தொறந்து தொடைக்கோணும். உப்புக் காத்து தின்டிடும்."

சொன்ன மாதிரியே செய்தேன். ஞாயிறு காலைகளில் கார்டைக் கழற்றி, பழைய துவாயில் வைத்து, சின்னப் பெயின்ட் தூரிகையால் காத்தாடிச் செட்டைகளைத் தட்டி, அடியில் உள்ள தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிரப்பரால் தேய்ப்பேன். கறுப்பாக ஊத்தை வரும். வாரா வாரம் கழற்றுவதால் திருகாணியை விட்டுவிட்டேன். சூட்டுக்குப் பயந்து பெட்டியின் பக்கத் தகடும் எப்போதும் கழன்றே இருக்கும். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருப்பார். "சாமிப் படத்தை இப்பிடி ஒரு நாள் துடைச்சிருப்பியா?" என்பார். சாமிப் படத்தில் காத்தாடி இல்லையே என்பேன். "வாய்! வாய்!" என்று கீரைத் தண்டால் எறிவார்.

அம்மாவுக்கு வேறொரு வேலையும் இருந்தது. ஆமி வந்து வீடு வீடாய்த் தேடும் சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்டால் போதும், பொலிஸ் பதிவுத் துண்டையும் அடையாள அட்டைகளையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, ஒளிக்கத் தொடங்கிவிடுவார். ஊர்க் கலியாண வீட்டுப் படங்கள், என் ஐயா அம்மாவுக்கு எழுதிய பழைய கடிதங்கள், தன் தாலிக்கொடி, எல்லாம் குசினியில் சமையல் மா வைக்கும் தகரப் பேணிக்குள் போகும். எங்கள் வீடுகளில் அப்படித்தான். பிடிபட்டால் ஆபத்து என்கிற சாமானையும், போனால் வராது என்கிற சாமானையும் ஒரே இடத்தில்தான் ஒளிப்போம். தேடி வருகிறவனுக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்?

அன்று காலை ஐந்தரை இருக்கும். ஒழுங்கையின் மேல் முனையில் நாய்கள் குரைத்தன. கதவுகள் தட்டுப்படும் சத்தம் கீழே இறங்கி வந்தது. நான் குளியலறையில் நின்றேன். வெளியே வந்தபோது ஓர் அதிகாரி, ஒரு பொலிஸ் பெண், இரண்டு ஆமிக்காரர் வீட்டுக்குள் நின்றார்கள். அட்டைகளைப் பார்த்தார்கள், பதிவுத் துண்டைப் பார்த்தார்கள், எல்லாம் சரி. போகப் போகிறார்கள் என்று நினைத்த நேரத்தில் பொலிஸ் பெண் குசினியிலிருந்து ஒரு சொப்பிங் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மா கொட்டுகிறது. பையைப் பிரித்தால், என் கிராபிக்ஸ் கார்ட்.

"மேக்க மொகத்த?" என்றார் அதிகாரி. இது என்ன?

வெள்ளை மா அப்பிய ஒரு சர்க்கிட் பலகை, வயர் குத்தும் இடம், சின்னக் காத்தாடி. மாப் பேணிக்குள்ளிருந்து, தமிழ் வீட்டில், அந்தக் காலத்தில். கம்பியூட்டருக்குள் இருந்திருந்தால் ஒரு நாயும் திரும்பிப் பார்த்திராது! நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா நிலத்தைப் பார்த்தார். ஞாயிறு ஞாயிறாய்ப் பார்த்துப் பழகியவர், நான் செய்வது போலவே கிளிப்பை அமத்தி, ஒரு கீறல் இல்லாமல் கழற்றியிருக்கிறார்.

ஒழுங்கை முனையில், காலி வீதியில், பஸ் நிற்கும் என்று எனக்குத் தெரியும். சந்தேகம் என்றால் அதில் ஏற்றுவார்கள். சிலர் பின்னேரம் வந்துவிடுவார்கள். சிலர் வர மாதங்கள் ஆகும். எனக்குப் பயம்தான். ஆனால் பயத்தைவிடக் கோபம் கூட இருந்தது. என் சாமான் என்னவென்று எனக்குத் தெரியும், அதை நான் நிரூபிக்க வேண்டுமாம்!

"காட்டுறன்," என்றேன் சிங்களத்தில். இனி நாங்கள் கதைத்ததெல்லாம் சிங்களம்தான்.

முதலில் கார்ட் இல்லாமல் கம்பியூட்டரைப் போட்டேன். பீப் பீப் என்று கத்தியது; திரை கறுப்பு. "பாருங்கள், இது இல்லாவிட்டால் படம் வராது." அணைத்துவிட்டுக் கார்டைச் செருகினேன். போட்டேன். திரும்பவும் கறுப்பு. ஆமிக்காரர் ஒருவர் துவக்கைத் தோளில் மாற்றிக்கொண்டார்.

மா. பற்களிலெல்லாம் மா. கார்டைக் கழற்றினேன், தூரிகையால் தட்டினேன், அழிரப்பரை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டேன். அத்தனை பேரும் என் விரல்களையே பார்த்தார்கள். திரும்பச் செருகிப் பட்டனை அமத்தினேன். காத்தாடி மாவைத் தூவிக்கொண்டு சுற்றியது. திரை வெளித்தது.

துவக்குச் சண்டை விளையாட்டும் ஒன்று இருந்தது. அதைத் திறந்தால் நானே போய் பஸ்ஸில் ஏறிய மாதிரி. காரைத்தான் திறந்தேன். மலைப்பாதையில் கார் பாய்ந்தது. ஒரு வளைவில் அதிகாரியின் தோள் காரோடு சேர்ந்து சாய்ந்ததைக் கண்டேன். அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன்.

"சரி நங்கி, விளங்குது," என்றார் அதிகாரி, தங்கச்சி என்று கூப்பிட்டு. "நீங்கள் வீட்டிலேயே இருக்கலாம். இந்தக் கார்டை மட்டும் நாங்கள் கொண்டு போகிறோம். பரிசோதிக்க."

"குடு பிள்ளை," என்றார் அம்மா தமிழில். "சனியன், கொண்டு போகட்டும். நீ வீட்டில நிண்டா போதும்."

புத்தியுள்ளவள் கொடுத்திருப்பாள். நான் கம்பியூட்டருக்கு முன்னால் போய் நின்றேன். "எழுதித் தாருங்கள்."

"என்ன எழுத?"

"ஒரு பெண் விளையாடுகிற சாமானை எடுத்தோம் என்று. பிழை ஒன்றும் இல்லை, கண்ணால் பார்த்தோம், ஆனாலும் எடுத்தோம் என்று. உங்கள் பெயரும் இலக்கமும் போட்டு."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "எழுதுவதென்றால் ஸ்டேசனுக்கு வர வேண்டும். தெரியுமா?"

"வருகிறேன். அது போகிற இடத்துக்கு நானும் வருகிறேன்."

சொல்லிவிட்டேன். பின்னால் அம்மா குசினிக் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. கைப்பையை எடுத்துக்கொண்டு வந்து, வாசலில் செருப்பைக் காலில் மாட்டினார். காய்கறிக் கடையைத் தாண்டிச் சிங்களம் பேசாத அம்மா அதிகாரியை நிமிர்ந்து பார்த்து, "மமத் எனவா," என்றார். நானும் வருகிறேன்.

அதிகாரி பேனாவைத் திறந்து, குறிப்புப் புத்தகத்தில் ஒரு வெறும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேனாவை மூடினார். "இனிமேல் ஒளிக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மற்றவர்களும் போனார்கள்.

நான் அம்மாவில் பாய்ந்தேன். "உங்களுக்கென்ன விசரா? அதை ஏன் கழட்டினீங்கள்? ஆர் கேட்டது உங்களை?"

"போன முறை பக்கத்து வீட்டுக் கம்பியூட்டர் பெட்டியைக் கொண்டு போனவங்கள் எல்லே. உன்ர பெட்டி போனாலும் அது மிஞ்சட்டும் எண்டு நினைச்சன். அதுதானே உனக்குப் பெரிசு."

அம்மா கதிரையில் இருந்து, மா படிந்த கைகளைச் சீலையில் துடைத்தார்.

"அவன் ஓம் எண்டு உன்னை பஸ்ஸில ஏத்தியிருந்தா?" என்று கேட்டார்.

"ஏறியிருப்பன்."

"தெரியும்," என்றார் அம்மா. "அதுதான் செருப்பைப் போட்டனான்."