ஹட் பே சேற்றில் ஒரு ஜீப்

பக்கவாதம் வந்தபோது அப்பாவுக்கு வலது கை போனது, பேச்சும் போனது. பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பி நின்றுவிட்டது: சலோ. தூத்துக்குடியில் பிறந்து, கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்து, ஹேடோ துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்த்துப் பிழைத்த மனிதருக்குக் கடைசியில் மிஞ்சியது, ‘போகலாம்’ என்கிற ஓர் இந்திச் சொல். இந்தத் தீவில் அப்படித்தான் ஆகும். பட்டறையில் வங்காளிக்கும் தெலுங்கருக்கும் மலையாளிக்கும் பொதுவாக அதைத்தான் நாள் முழுக்க எறிந்துகொண்டிருப்பார். இப்போது சோறு வேண்டுமென்றால் சலோ. மின்விசிறியைக் குறைக்க வேண்டுமென்றால் சலோ. என்மேல் கோபம் என்றாலும் சலோ. அது ஒன்றுதான் எனக்கு உடனே புரியும். நெடுநாள் பழக்கம்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண், “பழைய வீடியோ ஏதாவது இருந்தா போட்டுக் காட்டுங்க அங்கிள், பேச்சு வந்தாலும் வரும்” என்றார். அங்கிள் என்றதை அந்த ‘வந்தாலும் வரும்’ என்பதற்காக மன்னித்தேன்.

எங்கள் வீட்டில் பழைய வீடியோ என்றால் ஒன்றே ஒன்று. நாங்கள் பிறப்பதற்கு முன்னால், கல்யாணமான புதிதில், அப்பா ராணுவம் ஏலம் விட்ட ஒரு ஜீப்பை வாங்கினார். கப்பல் எஞ்சினியர் ஒருவரிடமிருந்து சின்ன ஃபிலிம் கேமராவும் வாங்கினார். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அவன் வீட்டில் இருப்பானா? ஜீப்பைக் கப்பலில் ஏற்றி, தெற்கே வேறொரு தீவில் இருக்கும் ஹட் பேயில் இறக்கி, ஒரு சிநேகிதரை ஓட்டச் சொல்லி, அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, காட்டுக்குள் எண்ணெய்ப்பனைத் தோட்டம் பார்க்கக் கிளம்பிவிட்டார். அங்கே சாலை கிடையாது. வெட்டிய மரங்களை இழுத்துப் போன தடம் மட்டும் இருந்தது. அதை ரோடு என்று சொன்னவர் அப்பா ஒருவர்தான், ஜீப்கூட ஒப்புக்கொள்ளவில்லை. ஃபிலிம் மெயின்லேண்ட் போய்க் கழுவப்பட்டுக் கப்பலில் திரும்பி வந்தபோது, ஜீப்பை விற்றாகிவிட்டதாம்.

கிறிஸ்துமஸ்தோறும் அந்தப் படம் புரொஜெக்டர் வெளிச்சத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் ஓடும். ஒலி இல்லாத படம். ஒலி அப்பாதான். கிரேனில் ஜீப் தொங்கும். “பாருங்க, மாப்பிள்ளை இறங்குதாரு” என்பார். ஓடையைத் தாண்டும், கொடி மாட்டிக்கொள்ளும், அம்மா குடையோடு குலுங்குவாள், கடைசியில் சக்கரம் சேற்றில் புதையும். அப்புறம் யானை வரும். நானும் தங்கையும் காத்திருந்ததெல்லாம் அதற்குத்தான். மரம் இழுக்கும் யானை. வந்து, நின்று, யோசித்து, ஜீப்பை நெற்றியால் ஒரே தள்ளு.

ஆகவே பூஞ்சை பூத்த அந்தச் சுருள்களைச் சென்னையில் ஒரு கடைக்கு அனுப்பினேன். படம் பென் டிரைவில் ஏறி வந்தது. சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் டிவியில் போட்டேன். அப்பா கண் இமைக்காமல் பார்த்தார். கிரேனில் ஜீப் தொங்கியபோது வாயின் இடது பாதி சிரித்தது. சக்கரம் சேற்றில் சுழன்றது, திரையெங்கும் சேறு அடித்தது, படம் முடிந்து டிவி நீலமானது.

அப்பா இடது கையைத் தூக்கினார். “சலோ.”

அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். தலையை ஆட்டி மறுத்தார். தலையணையை உயர்த்தினோம். மின்விசிறியை நிறுத்தினோம், போட்டோம். சிறுநீர்ப் பாத்திரத்தை நீட்டியபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். “சலோ! சலோ!” கை இறங்கவேயில்லை. பிறகு அழுதார். அதற்கு மட்டும் அவருக்குச் சொல் எதுவும் தேவைப்படவில்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். மனித மூளையைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகங்கள் படித்திருக்கிறேன். சொற்களை விற்றுப் பிழைக்கிறவன் வேறு. நான் நகைச்சுவை எழுதிய இரண்டு பத்திரிகைகள் மூடப்பட்டுவிட்டன. இரண்டுக்கும் நான் மட்டுமே காரணமல்ல என்று நம்புகிறேன். அப்பேர்ப்பட்டவனுக்கு, மூன்றடி தூரத்தில் படுத்திருக்கும் தகப்பனுக்கு என்ன வேண்டும் என்பது தெரியவில்லை. படத்தைப் போடாமலிருந்தால், போடு என்று அதற்கும் அழுகை.

ஹேவ்லாக்கில் ரிசார்ட் ஒன்றில் வேலை பார்க்கும் தங்கை லீவில் வந்தாள். படத்தைப் பார்த்துவிட்டு முதல் கேள்வியாகக் கேட்டாள்:

“அண்ணே, யானை எங்க?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோயாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் யானை வராததைக் கவனிக்கவில்லை.

“அரே, அதானே படமே! ஒத்தத் தந்தம் பாதி ஒடிஞ்சிருக்குமே. அப்பா அதுக்குத்தான் அழுதாவ. நீ குடுத்த கடைக்காரன் தொலைச்சிட்டான், பக்கா.”

உடனே சென்னைக்குப் போன் போட்டுக் கத்தினேன். நோயாளியின் உயிர், நாற்பது வருஷப் பொக்கிஷம் என்று என்னென்னவோ சொன்னேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

“சார், நீங்க அனுப்புன ரோல் எல்லாத்தையும் போட்டாச்சு. ஒரு துண்டு விடல. யானையை எடுத்து வச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்ணப் போறேன்? இங்க எங்களுக்கே இடம் இல்ல.”

பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

“அந்தாள ஏம்யா வையுத? யானை என்னைக்குப் படத்துல வந்துச்சு?”

“என்னம்மா சொல்லுத?”

“ஜீப்பு புதையுததையே எடுத்து எடுத்து ஃபிலிமு தீந்துபோச்சு. யானை அதுக்குப் பொறவுல்லா வந்துச்சு. படம் முடிஞ்சதும் செவத்துல வெறும் வெளிச்சம் அடிக்கும்லா? உங்கப்பா கைய அதுக்குக் குறுக்க நீட்டி யானை காட்டுவாக. நீங்க ரெண்டு பேரும் வாயப் பொளந்துக்கிட்டு இருப்பிய.”

தங்கை விடவில்லை. “அப்போ ஒடிஞ்ச தந்தம்?”

“சுண்டுவிரலு. பட்டறையில பாதி போச்சுல்லா.”

அம்மா மறுபடி பூண்டுக்குத் திரும்பினாள். அந்த யானையைப் பற்றி நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். கண் முன்னால் நிறுத்திவிட்டீர்கள் என்று ஒரு வாசகர் பாராட்டியிருந்தார். கண் முன்னால் நிறுத்திய வலது கை தலையணைமேல் அசையாமல் கிடந்தது. அதற்குப் பதிலாகத்தான் இத்தனை நாளும் இடது கை எழுந்து எழுந்து நின்றிருக்கிறது. நாங்கள் அதற்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். டிவியின் நீலத் திரையில் நிழல் விழாது. விழாததை அவரால் சொல்லவும் முடியாது.

அன்று சாயங்காலம் படம் முடிந்ததும் டிவியை அணைத்தேன். தங்கை விளக்கை நிறுத்தினாள். செல்போன் டார்ச்சைச் சுவரில் அடித்து, மறு கையை நடுவில் நீட்டி விரல்களை மடக்கினேன்.

“வாத்து மாதிரி இருக்குண்ணே.”

“சும்மா இரு.”

“சரி, வாத்தாவே இருக்கட்டும். கதையச் சொல்லு.”

வாயைத் திறந்தேன். பாகன் ஏதோ சொல்வான். அப்பா அவன் குரலிலேயே சொல்வார். நாங்கள் புரண்டு சிரிப்போம். சிரித்தது நினைவிருக்கிறது. எதற்குச் சிரித்தோம்?

“அம்மா, பாகன் என்ன சொன்னான்?”

“எனக்கென்ன தெரியும்? நான் குடைய விரிச்சு மூஞ்சிய மூடிக்கிட்டு மாதாவ வேண்டிக்கிட்டிருந்தேன்.”

ஜீப் ஓட்டிய சிநேகிதர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, அந்தக் கதை தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான் மிச்சம். அவரிடம் இருப்பது ஒரு சொல்.

அப்போது என் வாத்துக்குக் கீழே இன்னொரு நிழல் எழுந்தது. அப்பாவின் இடது கை. மெல்ல வெளிச்சத்துக்குள் வந்தது. நான் என் கையை எடுத்துக்கொண்டேன். விரல்கள் ஒவ்வொன்றாகத் தயங்கித் தயங்கி மடங்கின. இந்தக் கையில் சுண்டுவிரல் முழுசாக இருந்தது. தந்தம் ஒடியாத யானை, வேறு யானை.

“சலோ,” என்றார் மெதுவாக. அது பாகனாக இருக்கலாம். “சலோ?” அது சிநேகிதராக இருக்கலாம். பிறகு நீளமாக ஒரு சலோ, தும்பிக்கை வளைய. அப்புறம் மூச்சுவிடாமல் நாலைந்து. முழுக் கதையையும் சொன்னார். எங்களுக்கு ஒரு வரி புரியவில்லை. ஓர் இடத்தில் நிறுத்தி எங்கள் முகத்தைப் பார்த்தார். தங்கை சிரித்தாள். நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன். அவர் திருப்தியாக மேலே போனார். பேச்சு திரும்பிவிட்டதா என்று பயிற்சிப் பெண் கேட்டால் என்ன சொல்வது என்று அந்த இருட்டிலேயே யோசித்துப் பார்த்தேன்.

யானை சுவரைவிட்டு இறங்கியது. சற்றுப் பொறுத்துக் கை மறுபடி எழுந்தது.

“சலோ.”

இப்போதுதான் எனக்கு எல்லாம் தெரியுமே. பாய்ந்துபோய் டார்ச்சைச் சுவரில் அடித்தேன்.

“சலோ!”

இன்னும் கிட்டே போய் அடித்தேன்.

“அடப் போய்யா, அவுகளுக்குத் தண்ணி வேணுமாம்” என்று சொல்லிக்கொண்டே அம்மா இருட்டில் எழுந்து வந்தாள்.

டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் கையை இறக்கினார்.