நான் ரப்பரால் அழித்த எண்ணிக்கை
இன்று ஸ்கேன் சென்டரில், மூளையை கம்ப்யூட்டரே அளந்து ரிப்போர்ட் அடித்துக் கொடுத்தது!

பார்த்ததும் ஸ்டெல்லாதான் ஞாபகத்துக்கு வந்தாள்.

தொண்ணூறுகளில் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அந்த வேலையைக் கையால் செய்தவள் நான்.

விளக்குப் பெட்டியில் ஸ்கேன் ஃபிலிமை மாட்டி, அளக்க வேண்டிய பகுதியை டிரேசிங் பேப்பரில் வரைந்து, கிராஃப் தாளில் வைத்து அதற்குள் எத்தனை கட்டம் என்று எண்ண வேண்டும். (கண்ணாடி போட்டது அங்கேதான்!)

இரண்டு பேர் தனித்தனியே எண்ண வேண்டும். ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்கக் கூடாது.

அங்கே வைத்தியத்துக்கு வந்த ஸ்டெல்லாவுக்கு வலிப்பு நோய். பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் தைக்கிற வேலை, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை.

நினைவைச் சேர்த்து வைக்கும் பகுதி மூளையில் இரண்டு பக்கமும் உண்டு. ஒன்று மட்டும் சுருங்கியிருந்தால் அதை எடுத்துவிடலாம், வலிப்பு நிற்கலாம். இரண்டும் சுருங்கியிருந்தால் தொடவே கூடாது, புதிதாக எதுவும் நினைவில் தங்காமல் போகும்.

என் கணக்கில் இரண்டுமே சுருங்கியிருந்தன.

சீனியர் சேகர் சாரின் தாளை எட்டிப் பார்த்தேன். இடது மட்டும்தான் என்று எழுதியிருந்தார்.

அவருக்குப் பன்னிரண்டு வருட அனுபவம், எனக்கு மூன்று மாதம். என்னுடையதை ரப்பரால் அழித்து, அவருடையதை ஒட்டி எழுதினேன்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

ஃபிலிம் வாங்க வந்த ஸ்டெல்லா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அக்கா, ஆபரேஷன் பண்ணா பாப்பா பேரு மறந்துடுமா? பக்கத்து வூட்ல சொல்லிகினு கீறாங்க."

ஃபிலிமை அவளிடம் கொடுக்காமல் மறுபடி வரைந்து, சாருடையதோடு வைத்துப் பார்த்தேன். சார் வலது பக்கத்தில் ஒட்டியிருந்த வேறொரு பகுதியையும் சேர்த்து வரைந்திருந்தார்; அதனால்தான் அவர் கணக்கில் அது சுருங்காததுபோல் வந்திருந்தது.

டாக்டரிடம் போய் அழித்ததைச் சொன்னேன். அவரே உட்கார்ந்து எண்ணினார். நான் முதலில் எழுதியதுதான் சரி.

திட்டுவார் என்று நின்றேன். அவர் குரலே உயரவில்லை.

"ரெண்டு பேர எண்ண சொல்றதே நீங்க ஒத்துப்போறதுக்கு இல்லம்மா."

ஆபரேஷன் ரத்தானது. மாத்திரையோடுதான் வாழ வேண்டும் என்றதும் ஸ்டெல்லா நிறைய அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"வலிப்பு வந்தா வரட்டும்க்கா, எம் பொண்ணு ஞாபகம் இருந்தா போதும். நீதான் கண்டுபுடிச்சியாமே, உன்ன மறக்கவே மாட்டேன்."

முதலில் அழித்ததும் நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழித்ததைச் சொல்லாமலே ஃபிலிமைக் கொடுத்து அனுப்பினேன்.

நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?