பொதுக்களத்து மானியம்

எங்கள் ஊராட்சி ஒன்றியத்தில் சண்டையைத் தடுக்கப் பணம் வாங்க வேண்டுமென்றால், முதலில் ஒரு சண்டை நடந்திருக்க வேண்டும். ஒருவன் மண்டை உடைந்திருந்தால் விண்ணப்பம் நகரும். யார் மண்டையும் உடையாமல் பார்த்துக்கொண்டால், அடுத்த வருஷம் அந்த விண்ணப்பத்தை வைத்து விசிறிக்கொள்ளலாம். கசப்பில் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கசப்புதான்.

நான் அப்போது டெல்டாவில், குத்தாலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியன். சொந்த ஊரும் அதுவே. பள்ளி விட்டதும் மன்றத்தின் செயலாளர். மன்றம் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். ஓர் ஓட்டுக் கொட்டகை, செய்தித்தாள், கேரம்போர்டு, சுவரில் தலைவர்களின் படங்கள். அறுபத்தேழில் ஆட்சி மாறிய பிறகு ஊருக்கு ஊர் இப்படி ஒன்று முளைத்திருந்தது. எங்கள் மன்றம் மட்டும் கேரம் ஆடியதோடு நிற்காமல் ஒரு நெற்களத்தையும் நடத்தியது.

அந்த வருஷங்களில் தை பிறந்தாலே எங்கள் பக்கத்தில் பயமும் பிறக்கும். நிலம் ஒருவர் பெயரில் இருக்கும்; உழுவது இன்னொருவர். குத்தகைக்காரரை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் சொல்லும். இவன் என் குத்தகைக்காரனே இல்லை என்று மிராசுதார் சொல்வார். வழக்கு தாலுகா ஆபீஸில் தூங்கும். நெல் தூங்குமா? முற்றித் தலைசாய்ந்து நிற்கும். யார் அறுப்பது, யார் தூக்கிப்போவது? இரண்டு தரப்பும் அரிவாளோடு ஒரே வயலில் இறங்கினால் கதிர் மட்டுமா அறுபடும்? அப்படி ஒரு தை மாதத்தில் எங்கள் ஊர் வரப்பில் ஒருவர் செத்தார். அதற்குப் பிறகுதான் மன்றம் பொதுக்களம் தொடங்கியது. ஒன்றியமும் அதற்கு மானியம் கொடுத்தது.

தகராறில் இருக்கும் வயலின் கதிர் யாருடைய சொந்தக் களத்துக்கும் போகாது. குளத்தங்கரைப் புறம்போக்கில் நாங்கள் மெழுகி வைத்திருந்த களத்துக்கு வரும். இரு தரப்பும் பார்க்க அடித்து, தூற்றி, குவிப்போம். குவியலைச் சுற்றி மரமுத்திரையால் சாம்பல் குறி போடுவோம். ஒரு கை நெல் எடுத்தாலும் சரிவு குலைந்து குறி கலைந்துவிடும். களவுக்குப் பயந்து எல்லாக் களத்திலும் போடுகிற குறிதான் அது. தாசில்தார் வந்து பிரித்துக் கொடுக்கும் வரை குவியலை ஊர்க்காரர் யாரும் தொடக் கூடாது. காவல்காரர்கள் மட்டும் தொடலாம். அவர்கள் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வருவார்கள். எங்கள் ஊரில் அவர்களுக்கு உறவும் கிடையாது, பகையும் கிடையாது. பனியில் மூடுவதும் வெயிலில் திறப்பதும், குறி கலைந்தால் இரு தரப்பையும் கூப்பிட்டு மறுபடி போடுவதும் அவர்கள் வேலை. மானியம் அவர்களுடைய கூலிக்குத்தான்.

இதில் என்ன பெரிய காரியம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டதுண்டு. சில வருஷங்கள் எங்கள் ஊரில் தை மாதம் வெறும் தை மாதமாகப் போயிற்று. அதுதான் பெரிய காரியம்.

நான் சொல்ல வந்த வருஷத்தில் அந்தக் களத்தை நம்பி ஒருத்தி இருந்தாள். புருஷன் ஆடியில் செத்துப்போனான். நிலம் மதராசுக்குக் குடிபோய்விட்ட ஒரு குடும்பத்துடையது. அவர்கள் சார்பில் வயல்களைப் பார்த்துக்கொண்ட காரியக்காரர், குத்தகை செத்தவனோடு போயிற்று என்றார். அவள் கேட்கவில்லை. திருவாரூரில் அரிசி மில்லில் வேலையிலிருந்த தம்பியை வரவழைத்து, அவனோடு சேர்ந்து நட்டு, களையெடுத்து, பயிரைக் கதிர்வரை கொண்டுவந்துவிட்டாள். அந்த நெல்லைத் தாசில்தார் கையால் பிரித்து வாங்கிவிட்டால் அவள் சாகுபடிக்காரி என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதிரி. வாங்காவிட்டால் வயல் போகும். வயலோரத்துக் குடிசையும் போகும். அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். "களம் இந்த வருஷமும் இருக்குல்ல சார்? எந்தம்பி கொஞ்சம் கோவக்காரன். அவனை நான் பாத்துக்கறேன். நெல்ல நீங்க பாத்துக்குங்க."

"இருக்கும்மா. கவலப்படாம போ" என்றேன். அப்போது இருந்தது.

ஒன்றியக் கூட்டத்துக்கு நானே போயிருந்தேன். பெருந்தலைவர் கலகலப்பான மனிதர். கரைவேட்டி, வாய் நிறைய வெற்றிலை. எங்கள் மன்றத்தின் பெயரைப் படித்ததும் ஓர் உறுப்பினர் எழுந்தார்.

"அந்த ஊர்லதான் ஒண்ணும் நடக்கலியே. நல்லா இருக்கறவனுக்கு எதுக்குங்க மருந்து? எங்க பக்கம் போன மாசம் குடிசைய கொளுத்திட்டானுங்க. அந்தப் பணத்த எங்களுக்குக் குடுங்க."

குடிசை எரிந்தது உண்மை. அந்த ஊருக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் எந்த வாயால் சொல்வேன்? இரண்டு ஊருக்கும் கொடுங்கள் என்றேன். பெருந்தலைவர் சிரித்துக்கொண்டே ஒன்றிய அதிகாரியான பி.டி.ஓ.வைப் பார்த்தார். பணம் குடிசை எரிந்த ஊருக்கே போயிற்று.

பி.டி.ஓ. கெட்டவர் அல்ல. கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்து, "ஸ்டேஷன்ல உங்க ஊர்லேர்ந்து ஒரு எஃப்.ஐ.ஆர். கூட இல்ல சார். நான் எத வச்சு தேவைன்னு எழுதறது?" என்றார்.

"இல்லாம இருக்கறதுக்குத்தான சார் கேக்கறோம்."

"புரியுது. ஆடிட்காரனுக்குப் புரியணுமே."

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. என் சம்பளமும் அதே கட்டிடத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு வீட்டுக்கு வந்தேன். இருபுறமும் சம்பா பால் பிடித்து நின்றது. அந்தப் பச்சையைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

காவல்காரர் கூலியை என் கையிலிருந்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். காரியக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைவிட விவரமானவர்.

"உங்க கூலி வாங்கினா அவன் உங்க ஆளுங்க சார். அப்புறம் எப்படிப் பொதுவாவான்? நான் குடுத்தா ஒத்துக்குவீங்களா?"

அவர் கொடுத்தால் அவள் நம்பமாட்டாள். நான் கொடுத்தால் அவர் நம்பமாட்டார். ஊரில் பிரித்தால் எந்தத் தெரு அதிகம் கொடுத்தது என்று கேள்வி வரும். யாருடையதும் இல்லாத பணம் என்று ஒன்று வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பணம் அரசாங்கத்திடம் மட்டும்தான் இருந்தது. அவ்வளவு சின்ன விஷயத்தை அந்தக் கட்டிடத்தில் ஒருவருக்கும் விளங்கவைக்க என்னால் முடியவில்லை.

அறுவடை வந்தது. காவல் இல்லாவிட்டாலும் நெல்லைப் பொதுக்களத்துக்கே கொண்டுவர இரு தரப்பும் சம்மதித்தன. வேறு வழி தெரியாமல்தான். அடித்தார்கள், தூற்றினார்கள். நல்ல விளைச்சல். அவளும் காரியக்காரரும் பார்க்கக் குவியலைச் சுற்றிக் குறி போட்டோம். காவலுக்குப் பதிலாக இந்தப் பக்கம் அவள் தம்பி, அந்தப் பக்கம் காரியக்காரரின் ஆட்கள் என்று உட்கார்ந்தார்கள். நெல்லைக் காப்பதற்கு அல்ல, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதற்கு. தாசில்தார் வருவதாகச் சொன்ன நாளில் மந்திரி வருகை என்று வேறு பக்கம் போய்விட்டார். அடுத்த நாளும் வரவில்லை.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் வானம் இருட்டிற்று. தை மாதத்தில் மழை வராது என்பதில்லை. வந்தால் டெல்டாக்காரனுக்கு அழுகை வரும். நான் பிள்ளைகளை வகுப்பில் அப்படியே விட்டுவிட்டு, கோயில் பந்தலுக்கு வைத்திருந்த தார்ப்பாயை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். போகும்போதே தூறல் விழுந்தது. களத்தில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். குவியலின் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"தொடாதீங்க சார்" என்றார் காரியக்காரர். "குறி கலையும். நீங்க அவங்களுக்கு வேண்டியவரு."

"நனைஞ்சா ரெண்டு பேருக்கும்தானய்யா நஷ்டம்!"

"தாசில்தார் வந்து கேட்டா யாரு பதில் சொல்றது?"

நான் அவளைப் பார்த்தேன். அவளாவது மூடுங்கள் என்பாள் என்று நம்பினேன். அவள் கையை நீட்டி மறித்தாள். "வேணாம் சார். நீங்களும் அவங்க தெருதான். குறி கலைஞ்சிருந்தா நான் அள்ளிட்டேம்பாங்க. திருட்டுப் பட்டம் கட்டித்தான வெளியேத்தப் பாக்கறாங்க. நனைஞ்சாலும் குறியோட நனையட்டும்."

"அக்கா, நனையுதுக்கா!" என்று தம்பி குவியலை நோக்கிப் பாய்ந்தான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். முரட்டுப் பயல், உதறியிருக்கலாம். உதறவில்லை. அக்காளின் பிடியில் நின்றபடி வாய்விட்டு அழுதான்.

மழை கனத்தது. தார்ப்பாயை நான் யார் தலைமீது பிடித்திருந்தேன் என்று நினைவில்லை. எத்தனையோ பேர் நின்றோம். எல்லாரும் விவசாயம் தெரிந்தவர்கள். எல்லாரும் நெல் நனைவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். குவியலை மூட உரிமையுள்ளவர்கள் அக்கரையில் இருந்தார்கள். சாம்பல் குறி கரைந்து நெல்லுக்குள் இறங்கியது. அந்தக் குறிக்காகத்தான் அவள் நெல்லை நனையவிட்டாள்.

மழை விட்டும் வெயில் வரவில்லை. ஈரத்தில் புழுங்கிய குவியலுக்குள் கையை விட்டால் சுட்டிருக்கும். குறி கரைந்த பிறகும், தொட்டவர்மேல்தான் பழி வரும் என்று ஒருவரும் கையை விடவில்லை. புளித்த நெடி குளத்தங்கரை முழுக்க வீசியது. பிறகு முளை தெரிந்தது. வெள்ளை வெள்ளையாக, குவியல் முழுக்க. என் வாழ்க்கையில் எத்தனையோ நாற்றங்காலில் அந்த முளையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அன்று அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

தாசில்தார் ஜீப்பில் வந்தார். இறங்கி ஒரு பார்வை பார்த்தார். "இதுல என்னத்தப் பிரிக்கறது?" என்றார். எதுவும் எழுதவில்லை. நாங்கள் கெஞ்சினோம். நெல் எப்படிப் போனாலும் பயிரிட்டது இவள்தான் என்று எழுதிவிட்டுப் போங்கள் என்றேன். பிரிக்க நெல் இருந்தால்தான் எழுத முடியும் என்றார். ஜீப் போயிற்று.

ஜீப்பின் சத்தம் அடங்குவதற்குள் காரியக்காரரின் ஆள் ஒருவன், குவியல் முன்பைவிடச் சின்னதாக இருக்கிறது, குறி கரைந்த பிறகு அக்காளும் தம்பியும் அள்ளியிருக்கிறார்கள் என்றான். நனைந்த நெல் ஊறி அமுங்கும் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான். தம்பி போய் அவன் கழுத்தைப் பிடித்தான். அவன் பக்கத்து ஆட்கள் கதிர் அடிக்கும் கழியால் தம்பியின் பின்மண்டையில் அடித்தார்கள். நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். ஒன்றும் செய்ய முடியவில்லை. நெல் லாரியில் அவனைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தலையை அவள் மடியில் வைத்திருந்தாள். கும்பகோணம் தாண்டியதுமே அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். எனக்குப் புரிந்தது. டிரைவரிடம் சொல்லத்தான் மனம் வரவில்லை. அவன் பாவம், வேகமாக ஓட்டிக்கொண்டே இருந்தான்.

அடித்தவர்களைப் போலீஸ் பிடித்தது. காரியக்காரர் சாட்சியாகப் போய் வந்தார். வயலை ஆள் வைத்து உழுதார்கள். குடிசையைப் பிரிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அவளே ஒரு மூட்டையோடு வெளியே வந்துவிட்டாள். மாரியம்மன் கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால் கொஞ்ச நாள் இருந்தாள்.

அடுத்த ஒன்றியக் கூட்டத்தில் எல்லாரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள். எங்கள் விண்ணப்பம் வாசித்த கையோடு நிறைவேறியது. முன்பு கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்தார்கள். பி.டி.ஓ. குறிப்பு எழுதத் திணறவில்லை. இப்போது அவரிடம் எஃப்.ஐ.ஆர். இருந்தது. போன தடவை எங்களுக்கு எதிராகப் பேசிய உறுப்பினரே இந்த முறை வழிமொழிந்தார். அவர் ஊரில் அதற்குப் பிறகு குடிசை எதுவும் எரியவில்லை. அந்த ஊர்ப் பணத்தை நிறுத்தினார்கள்.

பெருந்தலைவர் என்னைக் கூப்பிட்டார். அவருக்கும் உண்மையிலேயே வருத்தம்தான், கண் கலங்கியிருந்தது. "அந்தம்மாவுக்கே களத்துக் காவல் வேலையப் போட்டுக் குடுத்துடுங்க சார். இப்ப அதுக்கு நிலமும் இல்ல, தகராறும் இல்ல. பொதுவான ஆளு. நம்மால முடிஞ்ச உதவி."

வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வர வாய்வரை வந்தது. சொன்னால் அவளுக்குச் சோறு யார் போடுவது? சரி என்றேன்.

அவளிடம் போய்ச் சொன்னேன். வருஷக் கூலி, ஒன்றியமே கொடுக்கும், யாரிடமும் கை கட்டி நிற்க வேண்டாம் என்றெல்லாம் சொன்னேன். அவள் அடுப்புக்கு வைத்திருந்த சுள்ளியை ஒடித்துக்கொண்டே கேட்டாள்.

"எந்தம்பி செத்ததாலதான சார் குடுக்கறாங்க?"

"ஆமாம்மா."

"அடுத்த தையில யாரும் சாகலைன்னா நிறுத்திடுவாங்களா?"

பொய் சொல்லப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"அந்த வருஷமே நிறுத்த மாட்டாங்கம்மா. ரெண்டு மூணு வருஷம் ஓடும். அப்புறம் நிறுத்திடுவாங்க" என்றேன்.

சரி என்பதுபோலத் தலையாட்டினாள். ஒடித்த சுள்ளிகளை அடுக்கி வைத்துவிட்டு, என்றைக்கு வேலைக்கு வர வேண்டும் என்று கேட்டாள்.